அப்பாவுக்காக வேண்டிக்கொண்டவர்கள்

நேற்று நம் பள்ளித் தோழிகள் குழுவில் நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி, மெய்யான தெய்வம் எது என்று ஒரு வீடியோவைப் போட்டாள். இன்னொருத்தி அதற்கு மறுப்பாக வேறொரு வீடியோவைப் போட்டாள். காலையில் மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மத்தியானத்துக்குள் ஒருவர் சாமியை ஒருவர் பொய் என்று சொல்லி, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு!

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. உண்மையைச் சொன்னால் ஒரு குதூகலம்தான் வந்தது. இதே சண்டையை நான் ஐந்தாம் வகுப்பிலேயே போட்டிருக்கிறேன். அடிபம்புக்குப் பக்கத்தில், ஒருத்தி சடையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களில் யாருக்கும் நான் முழுதாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் நீளும். கண்ணாடியை மாட்டிக்கொள்ளுங்கள்.

திருமங்கலத்தில் நாங்கள் இருந்தது ஒரு வளவு. தெருவைப் பார்த்து ஒரே வாசல், உள்ளே எதிரும் புதிருமாக ஓட்டு வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக அந்த அடிபம்பு. மழைக்காலத்தில் கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டால் விடாது. வளவுக்குள் வருகிறவர்கள் வாசல் கல்லில் காலை வறட் வறட்டென்று தேய்த்துவிட்டுத்தான் வருவார்கள். அந்தச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று சொல்லிவிடுவோம்.

அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வளவில் எல்லோருக்கும் அவர் ‘சார்’. நாங்கள் வேதக்காரர்கள், அதிலும் புராட்டஸ்டன்ட். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா ஒரு தகரக் குழாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போவார். ஒரு பக்கம் வாய் வைக்கிற அளவுக்குக் குறுகி, மறுபக்கம் புனல் மாதிரி விரிந்திருக்கும். இப்போது அந்த மாதிரிக் குழாயை எங்கேயும் காணோம். அதற்குள் பேசினால் யார் குரலும் கரகரவென்று ஊரைக் கூட்டும். “வழி ஒண்ணுதான்! வாசல் ஒண்ணுதான்! மத்ததெல்லாம் பொய்!” என்பார் அப்பா. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கடலையைக் கொறித்தபடி கேட்பார்கள். பஸ் ஸ்டாண்டிலேயே பெரிய சத்தம் எங்கள் அப்பாவுடையது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

எதிர்வீட்டில் இருந்தது அத்தை. சொந்தம் எதுவும் இல்லை. அம்மாவை அவள் மதினி என்பாள், அப்பாவை அண்ணே என்பாள், அதனால் எனக்கு அத்தை. அவள் வீட்டுக்காரருக்குக் கப்பலூரில் ஒரு சின்ன ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை. என் வயதில் ஒரு மகள், என் வகுப்புதான். அவளுக்குப் பிறகு வெகுநாள் கழித்துப் பிறந்து, அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த ஒரு மகன். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளாதவர், கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் வேலை, கத்தோலிக்கர். அவர் வீட்டு மாதா படத்துக்கு முன்னால் விளக்கு எரிவதைப் பார்த்தாலே அப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். “தெரியாதவங்க சிலையக் கும்பிட்டா மன்னிக்கலாம், வேதத்தை கையில வச்சுக்கிட்டே கும்பிட்டா என்ன பண்றது?” என்பார், டீச்சர் காதில் விழுகிற மாதிரி. டீச்சர் விழாத மாதிரி இருப்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை. அப்பா தெற்கே ஓர் ஊரில் நடந்த கன்வென்ஷனுக்கு, அதாவது பெரிய ஜெபக் கூட்டத்துக்கு, போயிருந்தார். அவர் திரும்ப வேண்டிய அன்று சாயங்காலம் அத்தை வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து நனைந்துகொண்டே வந்தார். எங்கள் வாசலில் நின்று அம்மாவைப் பார்த்தார். அத்தையைக் கூப்பிட்டு அவள் காதில் என்னவோ சொன்னார். அத்தை அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்பா வருவதாக இருந்த பஸ்ஸை ஒரு தரைப்பாலத்தில் ஓடை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

பாதை துண்டாகிக் கிடந்தது. தந்திக் கம்பங்களும் சாய்ந்துவிட்டன. அப்பாவோடு வேலை பார்த்த வாத்தியார்கள் சைக்கிளில் கிளம்பிப் போய்ப் பாதி வழியில் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்களில் பலர் கூரை மேல் ஏறித் தப்பிவிட்டார்களாம், சிலர் போய்விட்டார்களாம், யார் யாரென்று தெரியாதாம். வந்த செய்தி அவ்வளவுதான். அம்மா முழங்காலில் நின்றவள் எழுந்திருக்கவே இல்லை. எனக்குச் சோறு ஒருவேளை அத்தை வீட்டில், ஒருவேளை டீச்சர் வீட்டில். எங்கள் வீட்டு ஈரத் துணி வாசனையும், டீச்சர் வீட்டு மெழுகு வாசனையும், அத்தை வீட்டுச் சூடத்தின் வாசனையும் மழையில் வெளியே போக வழியில்லாமல் வளவுக்குள்ளேயே கலந்து நின்றன. இன்றைக்கும் சூடம் கொளுத்தினால் எனக்கு அப்பா ஞாபகம்தான் வரும். வேதக்கார வாத்தியாருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாரோ!

ஒரு காலை மழை விட்டிருந்தது. தெருமுனையில் ஒரு லாரி நிற்கும் சத்தம். பிறகு வாசல் கல்லில் வறட் வறட்டென்று கால் தேய்க்கும் சத்தம். ஒரே ஒரு காலில்தான் செருப்புச் சத்தம்.

அம்மா நிமிர்ந்தாள். “அவருதான்!”

அப்பா! ஒரு செருப்பைக் காணோம். தாடி முளைத்திருந்தது. பஞ்சு ஏற்றிய லாரியில் வந்ததால் தலை, புருவம், மீசை எல்லாம் பஞ்சு ஒட்டி வெள்ளாடு மாதிரி நின்றார். அம்மா ஓடிப்போய் அவர் மார்பில் இரண்டு கையாலும் படபடவென்று அடித்தாள். அதுவரை அம்மா அப்பாவைத் தொட்டதையே நான் பார்த்ததில்லை. அத்தை குலவை போட்டாள் பாருங்கள், தெருவே திரண்டு வந்துவிட்டது. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். நானும் அத்தை மகளான எதிர்வீட்டுக்காரியும் கையைக் கோத்துக்கொண்டு பம்பைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். யாரோ பம்பை அடித்து அப்பாவின் தலையில் தண்ணீர் ஊற்ற, பஞ்சு திரிதிரியாக ஒழுகியது.

லாரி டிரைவர் பாய் பின்னாலேயே வந்தார். அவர்தான் நடந்ததைச் சொன்னார்.

“சாருக்கு வயிறு சரியில்லையாம்மா. வழியில பஸ்ஸு நின்ன எடத்துல வயலுக்குள்ள ஒதுங்கிருக்காரு. கண்டக்டர் கவனிக்காம விசில் குடுத்துட்டான். பஸ்ஸு போயிருச்சு. அங்கிட்டு ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துல மாட்டிக்கிட்டு இருந்தவர, இன்னைக்குத்தான் பாதை தெறந்துச்சுன்னு ஏத்திட்டு வாரேன். அல்லா காப்பாத்திட்டான், போங்க. வயித்த வச்சே காப்பாத்திட்டான்!”

அப்பாவின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த வாரம் ஆண்டவர் செய்த நன்மையைச் சபையில் சாட்சி சொன்னபோது, “தேவன் என்னை அந்தப் பஸ்ஸை விட்டு இறக்கினார்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். வயல் விஷயம் வரவே இல்லை.

எங்கள் சண்டை தொடங்கியது அன்றைக்குத்தான். பம்படியில் எதிர்வீட்டுக்காரி சொன்னாள்:

“எங்க சாமிதான் உங்கப்பாவக் கூட்டிட்டு வந்துச்சு. எங்கம்மா வேண்டிக்கிருச்சு.”

“எங்கப்பா உங்க சாமியக் கும்பிடவே மாட்டாரு. பெறகு எப்படிடீ கூட்டிட்டு வரும்? எங்க ஆண்டவர்தான் கூட்டிட்டு வந்தாரு.”

“அப்ப டீச்சர் அம்புட்டு மெழுகுவத்தி கொளுத்துனாங்களே, அது?”

“அதுவும் எங்க ஆண்டவர்தான். ஆனா வேற மாதிரி.”

“லாரியில கூட்டிட்டு வந்தவரு வேற சாமியச் சொன்னாருல்ல?”

பதில் தெரியாததால் சடையைப் பிடித்துக்கொண்டோம். அம்மா வந்து பிரித்துவிட்டாள்.

முதலில் டீச்சரின் வேண்டுதல் வெளியே வந்தது. அப்பா உயிரோடு வந்தால் மாதா கோயிலில் ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அவர் நேர்ந்திருந்தார். ஆளுயரம் என்றால் அப்பாவின் உயரம். அதை அளக்க வேண்டும். கேட்டால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். சனிக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட்டுவிட்டுப் பாயில் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, டீச்சர் ஒரு நூல்கண்டை எங்களிடம் கொடுத்தார். உச்சந்தலையில் நான் நூலைப் பிடித்துக்கொண்டேன். எதிர்வீட்டுக்காரி நூலை இழுத்துக்கொண்டே கால்பக்கம் போனாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. நூல் பெருவிரலில் சிக்கி, அப்பா விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தார்.

“என்ன இது? பொணத்துக்கு அளவெடுக்கிற மாதிரி!”

வாசலில் நின்றிருந்த டீச்சர் பயப்படவே இல்லை. “சார், நீங்க எங்க கோயிலுக்கு வர வேண்டாம், முழங்கால் போட வேண்டாம். உங்க உயரம் மட்டும் குடுங்க போதும்” என்றார்.

அப்பா மறுபடியும் படுத்துக்கொண்டார். நாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மிச்சத்தையும் அளந்துவிட்டோம்.

அத்தையின் வேண்டுதல் அப்படி இல்லை. அப்பாவை உயிரோடு கொண்டுவந்து விட்டால், அவள் பிறந்த ஊரின் அம்மனுக்கு அவரைக் கூட்டிப்போய் மொட்டை போடுவதாக அவள் நேர்ந்திருந்தாள்.

“என் தலை என் ஆண்டவருக்குச் சொந்தம் தாயி. அதுல வேற யாருக்கும் பங்கில்ல” என்றார் அப்பா.

“முடிதானண்ணே. வளந்துரும்.”

“முடி வளரும். வாத்தியார் சிலைக்கு மொட்டை போட்டாருங்கிற பேச்சு போகுமா?”

அத்தை சிரித்துக்கொண்டே போனாள். நாலு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். அப்பா மறுத்தார். பிறகு அவள் சிரிப்பதை நிறுத்தினாள். வேண்டுதலைச் செய்யாமல் வைத்திருப்பது, நெருப்பை மடியில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி அவளுக்கு. அப்பாவுக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்றுதான் நான் அப்போது நினைத்தேன். கல்நெஞ்சுக்காரர் என்று வளவில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்பா மேல் எரிச்சல்தான். மொட்டைத் தலையோடு அவர் பாடம் நடத்துவதைப் பார்க்க நான் ஆசையாக இருந்தேன்.

கார்த்திகையில் அத்தையின் சின்னப் பையனுக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர் மருந்து கொடுத்தார். இறங்கும், மறுபடி ஏறும். கொதிக்கிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தை எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்தே இருந்தாள்.

“டாக்டர் பாக்குறாருல்ல. நானும் ஜெபம் பண்ணுறேன் தாயி” என்றார் அப்பா.

“பண்ணுங்கண்ணே. வேணாங்கல. ஆனா நான் வாக்குக் குடுத்திருக்கேனே.”

அப்பா உள்ளே வந்தார். அம்மா அடுப்படியில் நின்றபடி சொன்னாள். அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“நீங்க வராம கெடந்தப்ப நான் ஒரு பக்கம் அழுதேன், அவ ஒரு பக்கம் அழுதா. எது சரியான அழுக, எது தப்பான அழுகன்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சா போயி அவகிட்ட சொல்லிட்டு வாங்க.”

அப்பா வாசலுக்குப் போய், “எந்த ஊரு தாயி உனக்கு?” என்று கேட்டார்.

அத்தை ஊரைச் சொன்னாள். அப்பாவின் முகம் சட்டென்று இறுகிவிட்டது. கோபம் என்று நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது, “வாரேன். மொட்டையப் பத்தி அங்க வந்து சொல்றேன்.”

மறுநாள் அத்தை, அப்பா, நாங்கள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். காய்ச்சல்காரக் குழந்தையை அம்மாவிடமும் டீச்சரிடமும் விட்டுவிட்டோம். அப்பா கோயிலுக்கு, அதாவது எங்கள் கோயிலுக்கு, போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். எனக்கு ஒரே கொண்டாட்டம். பஸ்ஸை விட்டு இறங்கிக் கம்மங்காட்டு வழியே நடந்தோம். மழையில் குளித்த பருத்திச் செடிகள், ஈர வரப்பு, வழியெல்லாம் ஓணான். எதிர்வீட்டுக்காரி அவள் சாமியின் கோயில் எவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டே வந்தாள்.

ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால். அதன் மேல் ஒரு கல் பாலம். அதைத் தாண்டினால் அரச மரம், அதற்கு அந்தப் பக்கம் கோயில். அத்தையின் அண்ணன் பாலத்துக்கு இந்தப் பக்கமே வந்து காத்திருந்தார். கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். பாலத்தில் கால் வைக்கப்போன அப்பாவைக் கூர்ந்து பார்த்தார்.

“நீ... கீழத்தெரு இன்னாரு மகன்ல?”

‘நீ’ என்றார். எங்கள் அப்பாவை யாரும் ‘நீ’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. தலைமையாசிரியர்கூட ‘சார்’ என்றுதான் சொல்வார்.

“ஆமா” என்றார் அப்பா. அந்தக் குரலும் எனக்குப் புதிதாக இருந்தது. குழாய் வைத்துப் பேசுகிறவர் குரலா அது!

அத்தையின் அண்ணன் தங்கையைப் பக்கத்தில் கூப்பிட்டார். மெதுவாகத்தான் பேசினார், எங்களுக்கும் கேட்டது. “நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல தாயி. ஊருன்னு ஒண்ணு இருக்குல்ல. அவரு வாய்க்காலுக்கு இந்தப் பக்கமே இருக்கட்டும். நாவிதர இங்க வரச் சொல்றேன். மொட்டை இங்கயே போட்டுக்கலாம். சாமிக்குத் தெரியும்.”

அத்தை அப்பாவிடம் வந்தாள்.

“அண்ணே. உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?”

“தெரியும் தாயி. சின்னப் பிள்ளையில இந்த வாய்க்கா ஓரமா மாடு மேச்சிருக்கேன். திருவிழாவுக்கு எங்கம்மா என்னையத் தூக்கிக்கிட்டு இங்ஙனதான் நிக்கும். சாமி தெரியாது. கொட்டுச் சத்தம் மட்டும் கேக்கும்.”

“தெரிஞ்சும் ஏன்ணே வந்தீங்க?”

“உன் பிள்ளைக்குக் காய்ச்சல்ல.”

எங்கள் அப்பாவுக்கு வாசல் ஒன்றுதான் என்று ஏன் தோன்றியது என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவரை உள்ளே வா என்று கூப்பிட்ட வாசல் அவருக்கு ஒன்றுதான் இருந்தது. பிடிவாதம் என்று வளவே சொன்னதற்கு அடியில் இது கிடந்திருக்கிறது. எங்களில் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நாவிதர் பெட்டியோடு வந்து வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார். அப்பா சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றவும் இல்லை, மறுக்கவும் இல்லை. என்ன செய்வதாக இருந்தாரோ, அவர் கடைசிவரை சொல்லவில்லை. அதற்குள் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நாவிதருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். அவ்வளவு முடியும் தரையில் வந்து விழுந்தது.

“எனக்குப் போடுங்க.”

“ஏய், என்ன வேல பண்ற? புருசங்காரன்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?” என்று அண்ணன் ஓடிவந்தார்.

“வாக்குக் குடுத்தது என் வாயி. அப்ப தலையும் என் தலதான். என் வீட்டுக்காரருகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ தள்ளு.”

கத்தி ஏறியது. எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் அழுதாள். பாதித் தலை வழுக்கையானதும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தையும் சிரித்தாள். ஊர்ப் பெண்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வந்து வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி சந்தனக் கிண்ணத்தோடு பாலம் தாண்டி வந்து தயங்கி நிற்க, அப்பா கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சந்தனம் இருந்ததில்லை. அப்பா அந்தக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தை அள்ளி அள்ளித் தலையில் பூசிக்கொண்டாள்.

பிறகு எழுந்தாள். எல்லோரும் அவள் பாலத்தைத் தாண்டிக் கோயிலுக்குப் போவாள் என்று பார்த்தார்கள். அவள் போகவில்லை. முடியை அள்ளி ஓலைப்பெட்டியில் போட்டுக் கரையில் வைத்துக் கோயிலைப் பார்த்துக் கத்தினாள். என்ன சத்தம் தெரியுமா! அப்பாவின் தகரக் குழாய் எல்லாம் எந்த மூலைக்கு!

“ஆத்தா! நீ உசுரோட கொண்டாந்து குடுத்த ஆளு இங்ஙன நிக்கிறாரு. அவரு வரக்கூடாத எடத்துக்கு நானும் வரல. உனக்கு வேணும்னா நீ வாய்க்காத் தாண்டி வந்து வாங்கிக்க!”

அரச மரத்தில் இருந்த காக்கை எல்லாம் பறந்தன. அத்தையின் அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். பாவம், அவர் கெட்டவர் இல்லை. பிறகு எங்களைப் பஸ் வரைக்கும் கொண்டுவந்து விட்டவர் அவர்தான். பஸ் வந்தபோது அப்பாவைப் பார்த்து, “வாங்க... ஏறுங்க” என்றார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

வீட்டுக்கு வந்தால் குழந்தை எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறான்! மத்தியானமே வேர்த்துவிட்டதாம். டீச்சர், காலையில் அப்பாவின் உயர மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். அம்மா, டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்ததாகச் சொன்னாள், விடாமல் ஜெபித்ததாகவும் சொன்னாள். நாங்கள் பம்படிக்கு ஓடினோம்.

“எங்க சாமி வாய்க்காத் தாண்டி வந்துருச்சு, பாத்தியா!” என்றாள் எதிர்வீட்டுக்காரி.

எனக்கு எதிர்த்துப் பேச மனசே வரவில்லை. வந்துதான் இருக்கும் என்று தோன்றியது. அத்தை கூப்பிட்ட கூப்பாட்டுக்கு யார்தான் வரமாட்டார்கள்!

ஆனால் சபைக்குச் செய்தி போய்விட்டது. வாத்தியார் அம்மன் கோயிலில் மொட்டை போட்டாராம். சபை மூப்பர் நேரில் வந்து பார்த்தார். அப்பாவின் தலையில் முடி இருந்தது. மூப்பருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சந்தனக் கிண்ணம் பிடித்தது உண்மையா என்று கேட்டார். உண்மை என்றார் அப்பா. சபைக்கு முன்னால் நின்று, பிசாசின் காரியத்துக்குத் துணைபோனேன் என்று அறிக்கை செய்ய வேண்டும் என்று முடிவானது.

அந்த ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. அப்பா எழுந்து முன்னால் போனார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் பின்னால் கட்டினார், பிறகு முன்னால் கட்டினார்.

“நான் விசுவாசிக்கிறத இன்னைக்கும் விசுவாசிக்கிறேன். எனக்கு ஆண்டவர் ஒருத்தர்தான். அதுல மாத்தமில்ல. ஆனா அந்தப் பஸ்ஸுல எனக்கு முன்சீட்டுல ஒருத்தர் இருந்தாரு. கன்வென்ஷனுக்கு வந்தவருதான். ரெண்டு பேரும் ஒரே பாட்டப் பாடிக்கிட்டு வந்தோம். அவரு வீடு திரும்பல. என் ஜெபத்த விட அவரு ஜெபம் கொறச்சலா? அவரு வீட்டுல அழுதவங்க அழுக கொறச்சலா? எனக்குத் தெரியல. தெரியாதத எல்லாம் தெரியும்னு குழாய வச்சுக் கத்திக்கிட்டு இருந்திருக்கேன்.”

மூப்பர், “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க” என்றார்.

“சொல்றேன். என் உசுருக்காக ஒரு பொம்பள அவளுக்குத் தெரிஞ்ச சாமிகிட்டக் கெஞ்சுனா. அந்தக் கெஞ்சல யாரு கேட்டாருங்கிறதுக்கு என் விசுவாசத்துல ஒரு பதில் இருக்கு. ஆனா அவ கெஞ்சுனது பிசாசுகிட்டன்னு இந்த எடத்துல நின்னு சொல்லச் சொன்னா, அது என் வாயில வராது.”

வந்து உட்கார்ந்துவிட்டார். அம்மா பெண்கள் பக்கத்தில் முக்காட்டுக்குள் அழுதாள். எனக்கோ கைதட்ட வேண்டும் போல இருந்தது, கோயில் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

சபை அவரைத் திருவிருந்திலிருந்து தள்ளிவைத்தது. ஆராதனைக்கு வரலாம், அப்பமும் ரசமும் கிடையாது. டீச்சர், “எங்க கோயிலுக்கு வாங்க சார், உங்க அளவுக்கு மெழுகுவத்தி ஏற்கெனவே எரிஞ்சுக்கிட்டு இருக்கு” என்று கேலி செய்து பார்த்தார். அப்பா சிரித்தார், போகவில்லை. அவருக்கு அவருடைய வாசல்தான். சாகும்வரை அப்படித்தான் இருந்தார். அத்தையும் கடைசிவரை அவள் ஆத்தாளை விடவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பிறகு இதைப் பற்றி விவாதம் செய்து நான் பார்த்ததே இல்லை.

ஆனால் ஒன்றைப் பார்த்தேன். அதைச் சொல்லி முடிக்கிறேன்.

தள்ளிவைத்த பிறகு வந்த முதல் திருவிருந்து ஞாயிறு. வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். அம்மாவும் போனாள். பெஞ்சுகள் காலியாகிக்கொண்டே வந்து, அப்பா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். எதையாவது பார்க்க வேண்டுமே என்று பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்போது பக்கவாட்டுக் கதவு கிரீச்சிட்டது. அத்தை நின்றுகொண்டிருந்தாள். பண்டிகைக்குக் கட்டுகிற பச்சைச் சேலை, நெற்றி நிறையக் குங்குமம், அறுத்த கம்மங்காடு மாதிரி தலையில் முளைவிட்ட முடி. கோயிலைப் பார்த்துக்கொள்கிறவர் ஓடிப்போய், “என்னம்மா வேணும்?” என்றார்.

“சாமி கும்பிட வரலய்யா. எங்கண்ணே தனியா உக்காந்திருப்பாருன்னு மதினி சொல்லுச்சு.”

அவர் பதில் தேடுவதற்குள் உள்ளே வந்து, பெண்கள் பக்கத்தில் அப்பாவுக்கு நேர் பெஞ்சில் ஏறி, காலை மடித்துச் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா திரும்பிப் பார்த்தார்.

“எம்புட்டு நேரம்ணே ஆகும்?” கோயில் முழுக்கக் கேட்டது.

“கொஞ்ச நேரந்தான் தாயி.”

“ஆகட்டும், ஆகட்டும். பிள்ளைய டீச்சர்கிட்ட விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

முன்னால் பாட்டு ஆரம்பித்தது. அப்பா பாடினார். அத்தைக்கு அந்தப் பாட்டுத் தெரியாது. பெஞ்சின் பலகையில் விரலால் தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள்.